ஏற்காட்டு மலைக்கு எத்தனை கிலோ ஃப்ளைவீல்?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் பழைய வண்டிச் சாமான் வாங்கிய கடையின் தராசிலேயே ஃப்ளைவீலை, அதாவது என்ஜினுக்கும் கிளட்சுக்கும் நடுவில் சுழலும் கனமான சக்கரத்தை, வைத்துப் பார்த்தேன். ஓரத்தில் ஸ்டார்ட்டர் மோட்டார் கடிக்கும் பல் வளையமான ரிங் கியரையும் சேர்த்து 7.6 கிலோ. என் காரில் இருக்கும் அதே ஃப்ளைவீல்தான், வேறொரு வண்டியிலிருந்து கழற்றியது. காரில் இருப்பதைத் தொடாமல், இதை வைத்து முதலில் பழகிப் பார்ப்போம் என்று வாங்கினேன். இந்த 7.6 கிலோவை எவ்வளவுக்குக் கொண்டுவருவது என்ற ஒரே கேள்வியில் அதன்பிறகு ஐந்து மாதம் போனது.

கார் 2002ஆம் வருட ஹோண்டா சிட்டி 1.5 விடெக். 106 குதிரைத்திறன், சுற்றச் சுற்ற உயிர் வரும் என்ஜின். வருடத்துக்கு மூன்று நான்கு முறை கோவை செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தய டிராக்குக்குக் கொண்டுபோவேன். மற்ற நாளெல்லாம் அது வீட்டு வண்டி. சேலத்துக்குள் ஓடும், மாதம் இரண்டு முறை ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் இருக்கும் மாமனார் வீட்டுக்குப் போகும். என் மனைவியும் ஓட்டுவாள், சொல்லப்போனால் மலைக்குப் பெரும்பாலும் அவள்தான் ஓட்டுவாள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசியில் எடையைத் தீர்மானித்ததில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

கிளட்ச் தேய்ந்து வழுக்க ஆரம்பித்திருந்தது. எப்படியும் கியர்பாக்ஸை இறக்கப் போகிறோம், ஃப்ளைவீலை மாற்றுவதென்றால் அப்போதுதான் மாற்ற வேண்டும். இதற்காகத் தனியாக ஒருமுறை கியர்பாக்ஸ் இறக்குவது வீண் கூலி.

மாற்ற நினைத்ததற்குக் காரணம் வேகம் இல்லை. கியர் மாற்றும்போது, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்த பிறகும் ஆர்பிஎம் முள் (என்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று காட்டுவது) இறங்க மனமில்லாமல் நிற்கும். கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால் மூன்றிலிருந்து இரண்டுக்கு வரும்போது ஆக்சிலரேட்டரை ஒரு தட்டு தட்டி என்ஜினை மேலே ஏற்ற வேண்டும். அதுவும் சோம்பலாகத்தான் ஏறும். மணிக்கு 40 கிலோமீட்டரில் என் வண்டிக்கு மூன்றாவது கியரில் 2,000 சுற்று என்றால் இரண்டாவதில் 2,900. அந்த 900 சுற்றை, பிரேக்கை மிதித்துக்கொண்டே கால் ஓரத்தால் ஏற்றுவதற்குள் வளைவு வந்துவிடும். ஏற்காட்டுப் பாதையில் இப்படி இருபது வளைவு.

ஃப்ளைவீல் என்ன வேலை செய்கிறது என்பதற்கு நான் எல்லோருக்கும் காட்டுவது பழைய தையல் மெஷினின் கீழ்ச்சக்கரம். காலால் மிதிக்கிறோம். மிதி அடிவரை போனதும் ஒரு கணம் காலுக்கு வேலையே கிடையாது. அந்தக் கணத்தைச் சக்கரத்தின் கனம்தான் கடத்திவிடுகிறது. நான்கு சிலிண்டர் என்ஜினில் ஒரு சுற்றுக்கு இரண்டு முறைதான் வெடிப்பு நடக்கும். நடுவில் இருக்கும் இடைவெளியைக் கடத்துவது ஃப்ளைவீல். கனம் கூடினால் ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரைத் தொடாமல் என்ஜின் ஓடும்போது, வண்டி அமைதியாக நிற்கும், முதல் கியரில் நகர்த்துவது சுலபம். ஆனால் ஆர்பிஎம் ஏறவும் நேரம் எடுக்கும், இறங்கவும் நேரம் எடுக்கும்.

கனம் எவ்வளவு என்பதைவிட எங்கே இருக்கிறது என்பதுதான் பெரிய விஷயம். திருவிழாக் குடை ராட்டினத்தில் பிள்ளைகள் நடுக்கம்பத்தை ஒட்டி உட்கார்ந்திருந்தால் தள்ளுவது சுலபம், அதே பிள்ளைகள் ஓரத்தில் உட்கார்ந்தால் தள்ளுகிறவருக்கு மூச்சு வாங்கும். தூரம் இரண்டு மடங்கானால் சுழற்றுவதற்கான சிரமம் நான்கு மடங்கு. அதனால் "என் ஃப்ளைவீல் நாலரைக் கிலோ" என்று யாராவது சொன்னால் அதில் பாதித் தகவல்தான் இருக்கிறது. நடுவில் சுரண்டி எடுத்த ஒரு கிலோவும் ஓரத்தில் எடுத்த ஒரு கிலோவும் ஒன்று கிடையாது.

ஒரு ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஓரத்தை ஒட்டி 2.4 கிலோவை எடுத்தால் காரின் எடையில் எவ்வளவு குறைந்த மாதிரி இருக்கும்? கியர் விகிதத்தை இரண்டு முறை பெருக்க வேண்டியிருப்பதால், விடை கியருக்குக் கியர் மாறுகிறது. முதல் கியரில் ஏறத்தாழ 74 கிலோ, அதாவது ஒரு ஆளை இறக்கிவிட்ட மாதிரி. இரண்டாவதில் 24 கிலோ. மூன்றாவதில் 11. ஐந்தாவது கியரில் நான்கு கிலோ கூட இல்லை, ஒரு சின்ன அரிசிப் பை. ஓமலூர் பக்கம் நாற்கரச் சாலையில் ஐந்தாவது கியரில் வண்டி பறக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். குதிரைத்திறனும் ஒரு துளி கூடாது. மாறுவதெல்லாம் கீழ் இரண்டு கியர்களிலும், கியர் மாற்றும் அந்த ஒரு நொடியிலும்தான். எனக்கு வேண்டியது அந்த ஒரு நொடிதான்.

முதலில் போனது லேத் பட்டறைக்கு. சேலத்தில் யாரும் இதைத்தான் செய்வார்கள். ரிங் கியரைச் சூடுகாட்டிக் கழற்றி, பழைய வார்ப்பிரும்பு ஃப்ளைவீலை லேத்தில் பிடித்து, என்ஜின் பக்கம் பார்க்கும் முகத்தில் ஓரமாகச் சீவி எடுத்தோம். கிளட்ச் பிளேட் உரசும் முகத்தைத் தொடவில்லை, நடுவில் போல்ட் வரும் இடத்தின் தடிமனைத் தொடவில்லை, மூலைகளைக் கூராக விடாமல் வளைவாக முடித்தார் லேத்காரர். நல்ல கைவேலை. 5.1 கிலோவுக்கு வந்தது. கையில் எடுத்துப் பார்த்தபோது வேலை முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

காருக்குள் போடுவதற்கு முன் டிபி டெஸ்ட் (கண்ணுக்குத் தெரியாத விரிசலைச் சாயம் அடித்துக் கண்டுபிடிப்பது) ஒன்று பார்த்துவிடலாம் என்று தோன்றியது. இதற்குப் பெரிய வசதி எதுவும் வேண்டாம், மூன்று ஸ்ப்ரே டப்பா போதும். முதலில் சுத்தம் செய்யும் திரவம், அப்புறம் சிவப்புச் சாயம், பதினைந்து நிமிடம் காத்திருந்து துடைத்துவிட்டு, மேலே வெள்ளைத் தூள். வீட்டு வாசலில் ஸ்டூல் போட்டு அதன்மேல் வைத்து அடித்தேன். முகம் முழுக்கச் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளையாகிவிட்டது. ஒன்றும் தெரியவில்லை. உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால், கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் போல்ட் துளை ஒன்றின் விளிம்பிலிருந்து ஓரத்தை நோக்கி ஒரு சிவப்பு மயிரிழை எழுந்திருந்தது. துடைத்துவிட்டு மறுபடி தூள் அடித்தேன். அதே இடத்தில், அதே கோணத்தில், மெல்ல மெல்ல ஊறி மேலே வந்தது. அளந்தேன், 12 மில்லிமீட்டர். விரல் நகத்தால் தடவினால் எதுவும் தட்டுப்படவில்லை. சாயம் இல்லாவிட்டால் எந்தக் கண்ணுக்கும் அது தெரிந்திருக்காது.

அந்த விரிசல் இருபது வருட ஓட்டத்தில் வந்ததா, சீவியதில் வந்ததா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. எதுவாக இருந்தாலும் அது காருக்குள் போகக் கூடாது. 270 மில்லிமீட்டர் விட்டமுள்ள சக்கரம் 7,000 சுற்றில் ஓடும்போது அதன் விளிம்பு நொடிக்கு 99 மீட்டர் போகிறது, மணிக்குக் கிட்டத்தட்ட 356 கிலோமீட்டர். வார்ப்பிரும்பு அழுத்தினால் தாங்கும், இழுத்தால் அவ்வளவாகத் தாங்காது. சுழலும் சக்கரத்துக்குள் இருப்பதோ முழுக்க இழுவிசை. என்ஜின் குறுக்காக உட்கார்ந்திருக்கும் முன்சக்கர இழுவைக் காரில் ஃப்ளைவீல் உடைந்தால் துண்டுகள் பானட்டைக் கிழித்து மேலே போகும், ரோட்டை நோக்கிக் கீழே போகும், இல்லையென்றால் பின்னால், நம் கால்களை நோக்கி வரும். நடுவில் இருப்பது அலுமினிய கியர்பாக்ஸ் மூடியும் ஒரு தகடும்தான். அந்தக் காரில் என் மனைவியும் பிள்ளையும் உட்காருகிறார்கள். அன்று ராத்திரி அந்த 12 மில்லிமீட்டரை நினைத்துத் தூக்கம் வரவில்லை.

அடுத்த நாள் லேத்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "புதுசா ஈஎன் 19 எஃகுல கடைஞ்சு குடுத்தர்லாமுங்களா?" என்று கேட்டேன். அவர் சொன்னது இதுதான்: "கடையறது பெரிய வேலை இல்லீங்க தம்பி. ஆனா அந்த உருண்டைக்குள்ள என்ன இருக்குதுன்னு நான் எப்படிங்க சொல்றது? மில்லுல இருந்து வந்த பேப்பர் இருக்கோணும், அல்ட்ராசானிக் பார்க்கோணும், ஹீட் ட்ரீட்மென்ட் சரியா இருக்கோணும். இது சுத்தற சாமான். கேட்டு நின்னுட்டா பரவால்ல, கேக்காம போச்சுன்னா?" வேலை கையைவிட்டுப் போகும் என்று தெரிந்தும் அப்படிச் சொன்ன மனிதர்மேல் எனக்கு இருக்கும் மரியாதையை இங்கே எழுதிவைக்கிறேன். சீவிய ஃப்ளைவீலை அங்கேயே இரண்டாக உடைத்துவிட்டு வந்தேன், யாரும் எடுத்து மாட்டிவிடக் கூடாது என்று.

அப்புறம் வாங்குவது என்று முடிவாயிற்று. இரண்டு வகை இருந்தது. ஒன்று அலுமினியம். உரசும் முகத்தில் மட்டும் ஒரு எஃகுத் தகடு பதித்திருக்கும். மூன்றரை, நான்கு கிலோவில் கிடைக்கும். இன்னொன்று அடித்துச் செய்த குரோமோலி எஃகு, நம் பட்டறையில் ஈஎன் 19 என்கிற இனம், அமெரிக்கக் கணக்கில் 4140. அது ஐந்து கிலோவை ஒட்டி வரும்.

கரி டிராக்கில் பழக்கமான கோவை நண்பர் ஒருவர் அலுமினிய ஃப்ளைவீல் போட்டிருக்கிறார். அவர் காரை அங்கே இரண்டு சுற்று ஓட்டிப் பார்த்தேன். தட்டியதும் முள் துள்ளுகிறது, மனம் நினைத்த இடத்தில் ஆர்பிஎம் நிற்கிறது. அப்படி ஒரு சுகம். ஆனால் சாயங்காலம் அவிநாசி ரோட்டு நெரிசலில் அதே காரில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தபோது, ஒவ்வொரு சிக்னலிலும் 2,500 சுற்று வைத்து கிளட்சை வழுக்கவிட்டுத்தான் நகர்த்தினார். அலுமினியம் சூடானால் எஃகைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும், பதித்த தகடும் தனியாக ஒரு கவலை. டிராக்குக்கு மட்டும் ஓடும் வண்டிக்கு அதுதான் சரி. ஏற்காட்டில் வாழவந்தி பக்கம் ஒரு சாவுக்குப் போய்விட்டு நான்கு பேரை ஏற்றிக்கொண்டு ராத்திரியில் மலையிறங்கும் வண்டிக்கு அது வேண்டாம் என்று தோன்றியது.

எஃகையே எடுத்தேன். எஸ்எஃப்ஐ 1.1 முத்திரை இருக்கிறதா என்று பார்த்தே வாங்கினேன். ஃப்ளைவீலைச் சுழற்றிச் சோதித்துத் தரும் அமெரிக்கப் பந்தயத் தரம் அது. தராசில் 5.2 கிலோ. முக்கியமாக, ஓரத்தில் மெலிதாகவும் உரசும் முகத்துக்குப் பின்னால் தேவையான தடிமனோடும் இருந்தது. கிளட்ச் வழுக்கும்போது வரும் சூட்டைக் குடிப்பதும் ஃப்ளைவீல்தான். அந்த இடத்தில் மெலிந்தால் பிறகு நீலம் பாய்ந்து அதிரும்.

இடையில் ஒரு விஷயம். போக்ஸ்வாகன் போலோ 1.5 டீசல் வைத்திருக்கும் நண்பர், தனக்கும் இதைச் செய்யலாமா என்று கேட்டார். அவர் வண்டியில் இருப்பது இரட்டை நிறை ஃப்ளைவீல், நடுவில் ஸ்பிரிங் வைத்து இரண்டு துண்டாக இருக்கும். டீசல் என்ஜினின் அதிர்வு கியர்பாக்ஸுக்குப் போகாமல் தடுப்பதுதான் அதன் வேலை. அதை எடுத்துவிட்டு லேசான ஒற்றைத் துண்டைப் போட்டால் ஐடிலில் கியர்பாக்ஸ் கடகடவென்று சத்தம் போடும், பல்லுக்கும் நல்லதில்லை. வேண்டாம் என்றேன். கேட்டுக்கொண்டார்.

மாட்டும் வேலை கோரிமேட்டுப் பக்கம் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்பில், இரண்டு நாள். மெக்கானிக் அண்ணன் என்னையும் கூடவே கை வைக்கவிட்டார். கியர் ஆயிலை வடித்து, இரண்டு ஆக்சிலையும் உருவி, ஜாக்கி முட்டுக்கொடுத்து கியர்பாக்ஸை இறக்கியதும் முதலில் பார்த்தது கிராங்க் பின்பக்க ஆயில் சீலை. லேசாகக் கசிந்திருந்தது. புது கிளட்ச் பிளேட்டில் ஆயில் பட்டால் எல்லாம் பாழ், அதனால் அதையும் மாற்றினோம். ரிலீஸ் பேரிங்கும் புதிது. கிளட்ச் பிளேட் கம்பெனி வகையே போதும் என்று விட்டேன், நடுவில் ஸ்பிரிங் இருப்பது. லேசான ஃப்ளைவீலோடு ஸ்பிரிங் இல்லாத பிளேட்டும் சேர்ந்தால் ஊருக்குள் ஓட்ட முடியாது.

புது ஃப்ளைவீலை வாங்கி வந்து பெட்டியைத் திறந்தபோதே கவனித்திருந்தேன், பிரஷர் பிளேட்டை நடுவில் உட்கார வைக்கும் மூன்று டவல் பின்கள் இல்லை. துளை மட்டும் இருந்தது. போல்ட்டே பிடித்துக்கொள்ளும் என்று பலர் அப்படியே மாட்டிவிடுவார்கள். போல்ட் இறுக்கிப் பிடிக்கும், மையத்தில் உட்கார வைக்காது. துளைக்கும் போல்ட்டுக்கும் நடுவில் இருக்கும் கொஞ்சம் இடைவெளியில் மூன்று நான்கு கிலோ பிரஷர் பிளேட் ஒதுங்கி உட்கார்ந்தால், பேலன்ஸ் செய்த ஃப்ளைவீலுக்கு அர்த்தமே இல்லை. பழைய ஃப்ளைவீலிலிருந்து எடுத்துப் போட மனமில்லை. லேத்காரரிடம் ஓடி, மூன்று பின் கடைந்து வாங்கி, தட்டி இறக்கினோம். அரை நாள் போனது.

பின்களைப் போட்ட பிறகுதான் பேலன்ஸைக் கோவையில் பார்த்தேன், பிரஷர் பிளேட்டோடு சேர்த்து. இந்த எடைக்கும் சுற்றுக்கும் ஏற்றுக்கொள்ளும் பிசகு, விளிம்பை ஒட்டிக் கணக்கிட்டால் அரை கிராமுக்கும் கீழே. 8 மில்லிமீட்டர் டிரில்லை எஃகில் ஒரு மில்லிமீட்டர் இறக்கினால் அந்த அளவு எடை போய்விடும். பேலன்ஸிங் செய்கிறவர் ஓரிடத்தில் தொட்டும் தொடாததுமாக ஒரு குழி வைத்தார், முடிந்தது. ஃப்ளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் சேர்த்து ஒரு மஞ்சள் பெயின்ட் கோடு இழுத்துக் கொடுத்தார். எப்போது கழற்றினாலும் அந்தக் கோடு சேருகிற மாதிரியே மாட்ட வேண்டும். அதனால்தான் பின் இல்லாமல் மாட்ட எனக்கு மனம் வரவில்லை.

கிராங்க் முகத்தைத் துடைத்து, புது போல்ட் போட்டு, எதிரெதிராக மூன்று தவணையில் இறுக்கினோம். டார்க், அதாவது போல்ட்டை இறுக்கும் அளவு, எவ்வளவு என்று இங்கே எழுதவில்லை. உங்கள் வண்டி மேனுவலில் இருப்பதுதான் உங்கள் கணக்கு, இன்னொருவர் எண்ணைப் பார்த்து இறுக்கக் கூடாது. டயல் கேஜ் வைத்து முகத்தைச் சுற்றிப் பார்த்ததில் ஊசி 0.04 மில்லிமீட்டர்தான் ஆடியது. உரசும் முகத்தைப் பிரேக் கிளீனர் போட்டு வெள்ளைத் துணியால், துணியில் கறை வராதவரை துடைத்தோம். மண்ணெண்ணெய் வேண்டாம், படிவு விட்டுப்போகும்.

ஸ்டார்ட் செய்ததும் சத்தம் மாறியிருந்தது. நியூட்ரலில் கிளட்சிலிருந்து கால் எடுத்தால் கியர்பாக்ஸிலிருந்து மெல்லிய கடகடப்பு, கிளட்சை மிதித்தால் நின்றுவிடுகிறது. பழுது ஒன்றும் கிடையாது, முன்பு கனமான சக்கரம் மறைத்து வைத்திருந்த அதிர்வு இப்போது காதுக்கு எட்டுகிறது, அவ்வளவுதான். முதல் வாரம் அஞ்சு ரோட்டில் ஏசியோடு நிற்கும்போது இரண்டு முறை ஆஃப் ஆனது. கம்ப்ரெஸர் பிடிக்கும் கணத்தில் ஆர்பிஎம் தொப்பென்று விழுந்து, என்ஜின் சுதாரிப்பதற்குள் நின்றுவிடும். ஐடில் வால்வைக் கழற்றிக் கரியைச் சுத்தம் செய்து, ஐடிலை 850க்கு ஏற்றினோம். அதன்பிறகு அந்தத் தொந்தரவு இல்லை.

மாற்றுவதற்கு முன்பே ஒரு சோதனை செய்து வைத்திருந்தேன். நியூட்ரலில் 4,000 வைத்து காலை எடுத்து, முள் 2,000க்கு வருவதை செல்போனில் வீடியோ பிடித்து ஃப்ரேம் எண்ணினேன். முன்பு 1.9 நொடி. இப்போது 1.4. அதேபோல இரண்டாவது கியரில் 30லிருந்து 70க்கு ஏறும் நேரத்தையும் பார்த்தேன். நான்கு முறை முன்பு, நான்கு முறை பின்பு. ஸ்டாப்வாட்சில் வித்தியாசம் எதுவும் பிடிபடவில்லை. 24 கிலோ என்பது என் காரின் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு, அது என் கட்டைவிரலுக்குள் தொலைந்துவிடும்.

மலைக்கு முதல்முறை எடுத்துப் போனது ஒரு புதன்கிழமை, விடிகாலை ஐந்தரை. அடிவாரம் செக்போஸ்ட்டைத் தாண்டியதும் கண்ணாடியை இறக்கிவிட்டேன். மூங்கில் வாசனை, ஈர ரோடு, ஆள் இல்லை. முதல் வளைவுக்கு முன் பிரேக்கை மிதித்து, கால் ஓரத்தால் ஒரு தட்டு. முள் 2,900க்குப் போய் நின்றது, இரண்டாவது கியர் விழுந்ததே தெரியவில்லை. மூக்கு ஆடவில்லை, முன்சக்கரம் கீச்சிடவில்லை. இருபது வருடமாக நான் இந்தப் பாதையில் ஓட்டுகிறேன், என் கால் நினைத்ததை என்ஜின் அந்தக் கணமே செய்தது இதுதான் முதல்முறை. ஐந்தாவது வளைவு வரும்போது நான் எதையும் யோசிக்கவே இல்லை. வேகம் முன்பு போகும் அதே வேகம்தான், மலைப்பாதையில் அதைக் கூட்டக் கூடாது. ஆனால் ஒவ்வொரு வளைவும் சுத்தமாக விழுந்தது. மேலே லேடீஸ் சீட் காட்சிமுனை பக்கம் வண்டியை நிறுத்தி இறங்கியபோது எனக்குக் கை நடுங்கிக்கொண்டிருந்தது, சந்தோஷத்தில்.

மேல்நோக்கி மாற்றும்போதுதான் பழக வேண்டியிருந்தது. முதல் கியரில் 4,500 வரை போய் இரண்டுக்கு மாற்றினால் என்ஜின் 2,600க்கு இறங்க வேண்டும். முன்பு நிதானமாக மாற்றினாலும் ஆர்பிஎம் காத்திருக்கும். இப்போது நாம் தாமதித்தால் அது 2,600ஐயும் தாண்டிக் கீழே போய்விடுகிறது, கிளட்சை விட்டதும் ஒரு இடி. கையை வேகப்படுத்த வேண்டும், இல்லாவிட்டால் துளி ஆக்சிலரேட்டர் வைத்துப் பிடிக்க வேண்டும். இறங்கும்போது என்ஜின் பிரேக் முன்பைப் போலவேதான். ஒரே வேகத்தில் இறங்கும் வண்டிக்கு ஃப்ளைவீல் எடையால் எந்த மாற்றமும் இல்லை. இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

மூன்றாவது வாரம் ஞாயிற்றுக்கிழமை. மனைவி ஓட்டினாள், மாமியாரும் பிள்ளையும் பின்னால். மேலே போகிற கூட்டம், வளைவுக்கு வளைவு வண்டி நிற்கிறது. பதினேழாவது வளைவின் உள்பக்கத்தில், அதுதான் செங்குத்து, எங்களை நிறுத்திவிட்டு ஒரு பஸ் மேலிருந்து திரும்பி இறங்கியது. அவள் எப்போதும் செய்வதுபோல கிளட்சை விட்டாள். ஆஃப். மறுபடி. ஆஃப். பின்னால் இருந்தவர் ஹாரன் அடிக்க ஆரம்பித்தார். மூன்றாவது முறை 3,000 வைத்து வழுக்கி எடுத்தாள், காருக்குள் கிளட்ச் வாடை. "என்னங்க, வண்டிய என்ன பண்ணி வச்சிருக்கீங்க?" என்றாள். ஒண்டிக்கடை வரைக்கும் வேறெதுவும் பேசவில்லை.

அவள் கேட்டதற்கான பதிலை அன்று ராத்திரி கணக்குப் போட்டேன். எடுத்துவிட்ட அந்த 2.4 கிலோ, 2,000 சுற்றில் ஏறத்தாழ 700 ஜூல் சக்தியைப் பிடித்து வைத்திருந்தது. ஆட்களோடு 1,200 கிலோ வரும் காரை 6 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தூக்கும் சக்தி அது. பத்துக்கு ஒன்று ஏறும் ரோட்டில் 60 சென்டிமீட்டர் தூரம். கிளட்ச் முழுதாகப் பிடிப்பதற்கு வேண்டிய தூரமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். இத்தனை நாள் அவள் காலுக்குத் தெரியாமல் அந்த இரண்டடியை ஃப்ளைவீல் தள்ளிக் கொடுத்திருக்கிறது. போதாததற்கு, சேலம் 280 மீட்டர் உயரம் என்றால் ஏற்காடு 1,500 மீட்டர். மேலே காற்று பத்தில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமாக மெலிந்துவிடும், டர்போ இல்லாத என்ஜினுக்கு அந்த அளவு பலமும் குறையும். எங்கே உதவி வேண்டுமோ அங்கேதான் இரண்டும் சேர்ந்து குறைகிறது.

நாலு கிலோ அலுமினியம் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அன்றைக்குத்தான் முழுதாகப் புரிந்தது. இந்த மலைக்கு, இந்த என்ஜினுக்கு, நான்கு பேர் ஏறும் வண்டிக்கு 5.2தான் கடைசி எல்லை என்பது என் எண்ணம். வருடத்துக்கு ஒருமுறை கூட டிராக்குக்குப் போகாத, ஐந்து பேரோடு மலை ஏறுவதே வேலையாக இருக்கும் வண்டி என்றால் கம்பெனி 7.6ஐத் தொட வேண்டாம். நல்ல கிளட்ச் போட்டாலே பாதி சுகம் வந்துவிடும். டிராக்குக்கு மட்டும் என்றால் நான்கு கிலோவுக்குக் கீழேயே போகலாம்.

பதினோரு மாதம் கழித்து ரிலீஸ் பேரிங் கீச்சிட்டதால் கியர்பாக்ஸை மறுபடி இறக்க வேண்டி வந்தது. உரசும் முகத்தில் கட்டைவிரல் அகலத்தில் இரண்டு நீலப் புள்ளிகள். நெரிசலில் வழுக்கவிட்டதன் அடையாளம்தான். மெல்லிய எமரி காகிதத்தால் தேய்த்து எடுத்தோம். சாயம் அடித்துப் பார்த்தேன், எல்லா போல்ட் துளையிலும் முக்கால் மணி நேரம் காத்திருந்து பார்த்தேன். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. மஞ்சள் கோட்டைச் சேர்த்து மாட்டினோம்.

மனைவிக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த வாரமே, கூட்டமில்லாத ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், முதல் மூன்று வளைவுகளிலும் நிறுத்தி நிறுத்தி எடுத்துக் காட்டினேன். ஹேண்ட்பிரேக்கைப் போடு, 2,200 வை, கிளட்ச் கடிக்கும் இடத்தில் காலை நிறுத்து, மூக்கு லேசாக எழும்பும், அப்போது ஹேண்ட்பிரேக்கை விடு. பதினைந்து இருபது முறை செய்திருப்பாள். இப்போது பதினேழாவது வளைவில் பஸ்ஸுக்கு நிற்கும்போது அவள் முள்ளைப் பார்ப்பதே இல்லை, காதால் 2,200ஐப் பிடித்துவிடுகிறாள். ஏசியை மட்டும் அந்த இடத்தில் அணைத்துவிடுகிறாள். அது நான் சொல்லிக்கொடுத்தது இல்லை.